முதல் பேடில்: ஒற்றை லீவரா, இரட்டை லீவரா?

புதுக்கை:
அமெச்சூர் ரேடியோவுக்காக நான்கு மாதமாக ஸ்ட்ரெயிட் கீயில்தான் (மேலும் கீழும் அழுத்தும் கீ) மோர்ஸ் பழகுகிறேன். நிமிடத்துக்கு 12 சொல் வரை தடுமாறாமல் போகிறது, 15-ஐத் தொட்டால் மணிக்கட்டு வலிக்கிறது. ரேடியோவிலேயே கீயர் (குறிகளைத் தானாக உருவாக்கும் சுற்று) இருப்பதால், அதை இயக்க விரலால் பக்கவாட்டில் அசைக்கும் பேடில் மட்டும் வாங்கினால் போதும். ஒற்றை லீவரா, இரட்டையா? இரண்டும் வாங்க வழியில்லை.

இரட்டைப்பிடி:
இதில் யோசிக்க என்ன இருக்கிறது? இரட்டைதான். இரண்டு லீவரையும் சேர்த்துப் பிடித்தால் கீயர் டிட்டும் (குறுங்குறி) டாவும் (நெடுங்குறி) மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டே இருக்கும். ஆங்கில எழுத்து 'சி' என்பது டா-டிட்-டா-டிட். ஒற்றையில் கை நாலு தடவை அங்கேயும் இங்கேயும் போய்வர வேண்டும். இரட்டையில் டா பக்கத்தை ஒரு நொடி முந்தித் தொட்டு ஒரே பிடி, முடிந்தது. சேர்த்துப் பிடிக்க விருப்பமில்லையா, விட்டுவிடுங்கள், அப்போது அதுவே ஒற்றை மாதிரி வேலை செய்யும். ஒற்றையை வாங்கிவிட்டு இரட்டையாக்க முடியாது.

ஒற்றைத்தகடு:
'ஒரு நொடி' என்று சொல்கிறீர்களே, 25 சொல் வேகத்தில் ஒரு டிட்டின் நீளமே 48 மில்லிநொடிதான்! சிக்கலே அங்கேதான் இருக்கிறது. 'என்' என்பது டா-டிட். டா பக்கத்து விரல் கொஞ்சம் தாமதமாக விலகினால் டா-டிட்-டா, அதாவது 'கே' ஆகிவிடும். ஒற்றை லீவரில் இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் தொடவே முடியாது என்பதால் இந்தத் தப்பு நடக்க வழியே இல்லை. 'பிடிக்காமல் விட்டால் ஒற்றை மாதிரி' என்பது கேட்க நன்றாக இருக்கிறது. களைத்த கை அதைக் கேட்காது.

அப்புறம், பிடித்து மிச்சப்படுத்துவது எவ்வளவு? நாம் தினமும் அடிப்பதைப் பாருங்கள்: 'டிஇ' (இன்னாரிடமிருந்து), '73' (வாழ்த்துகள்), போட்டியில் 'டெஸ்ட்', '5என்என்' (599 என்ற சிக்னல் மதிப்பீடு). இதில் எந்த எழுத்துக்கும் பிடி உதவாது. எஸ், எச், ஓ எல்லாம் ஒரே பக்கம் ஓடுகிறவை.

இரட்டைப்பிடி:
சாமர்த்தியமாகப் பொறுக்கியிருக்கிறீர்கள். 'சிக்யூ'வையும் (எல்லோருக்குமான அழைப்பு) 'கே'யையும் 'ஆர்'ஐயும் ஏன் விட்டீர்கள்? செய்தி முடிவில் போடும் 'ஏஆர்', டிட்-டா-டிட்-டா-டிட், ஐந்து அசைவு ஒரே பிடியில் முடிகிறது. புதுக்கை, உங்கள் அழைப்புக்குறியை (நிலையத்தின் அடையாளப் பெயர்) ஒரு தாளில் எழுதி டிட், டா மாறும் இடங்களை எண்ணிப் பாருங்கள். வாழ்நாளெல்லாம் அதைத்தானே அடிக்கப் போகிறீர்கள்.

பழையகீ:
தம்பி, வலிக்கு மருந்து பேடில் இல்லை. முழங்கை மேசைக்கு வெளியே தொங்குகிறதா? குமிழை நுனிவிரலால் தட்டுகிறாயா? முன்கை முழுவதும் மேசையில் கிடக்க வேண்டும், மணிக்கட்டு மட்டும் மேலே கீழே ஆட வேண்டும். இடைவெளியையும் ஸ்பிரிங்கையும் சரி செய். 15 சொல்லுக்கே கை நோகிறது என்றால் கீயைக் குற்றம் சொல்லாதே.

ஒற்றைத்தகடு:
ஐயா, தந்தி அலுவலகங்களில் நாள் முழுக்க அடித்தவர்களுக்கும் கை மரத்துப் போனது. 'கண்ணாடிக் கை' என்று அதற்குப் பெயரே உண்டு. 1900-களின் தொடக்கத்தில் ஹோரஸ் மார்ட்டினின் வைப்ரோப்ளெக்ஸ் என்ற பக்கவாட்டுக் கீ அவர்களிடம் எடுபட்டது சும்மாவா? பக்கவாட்டில் அசைக்கும்போது கைக்கு வேலை குறைவு.

பழையகீ:
வைப்ரோப்ளெக்ஸில் டிட் மட்டும்தான் தானாக ஓடும், டா கையால்தான். அதனால்தான் யார் அடிக்கிறார் என்று கேட்டவுடனே தெரியும். கீயரில் எல்லோரும் ஒரே குரல்.

ஈயப்பற்று:
சண்டையை நிறுத்தாமலேயே ஒன்று சொல்கிறேன். எந்த வகை வாங்கினாலும் அடிப்பாகம் கனமாக இருக்கட்டும். லேசான பேடில் மேசையில் நகர்ந்தால் இன்னொரு கையால் பிடித்துக்கொண்டு அடிக்க வேண்டியதுதான், என் முதல் பேடிலில் மாதக்கணக்கில் அப்படித்தான் செய்தேன். தொடுமுனை இடைவெளி ஒரு சாதாரணத் தாள் நுழைகிற அளவில் தொடங்கட்டும். முனை கறுத்தால் வெள்ளைத் தாளை நடுவில் விட்டு இழுங்கள். உப்புத்தாள் வேண்டவே வேண்டாம்.

இன்னொன்று, பேடிலுக்கு மூன்று தொடர்புள்ள ஸ்டீரியோ பிளக் வேண்டும். மோனோ பிளக்கைச் செருகினால் அதன் உடல் டா தொடர்பைத் தரையோடு இணைத்துவிடும், ரேடியோ நிற்காமல் டா அடித்துக்கொண்டே இருக்கும். ரேடியோ பழுது என்று பயந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

புதுக்கை:
நண்பரிடம் இரட்டை லீவர் ஒன்று இரவல் வாங்கி வந்தேன். 'சி'க்கு இரண்டாவது டா ஒலிக்கும்போதே விரலை விட்டுவிடு, கடைசி டிட் தானாக வரும் என்று சொல்லிக் கொடுத்தார். அவர் ரேடியோவில் வந்தது. என்னுடையதில் 'சிக்யூ' ஒவ்வொரு முறையும் 'கேக்யூ' ஆகிறது. பேடில் கெட்டுப்போய்விட்டதா?

ஈயப்பற்று:
பேடில் நன்றாகத்தான் இருக்கிறது. உங்கள் கீயர் 'ஏ' முறையில் இருக்கிறது. அதில் விட்டதும் ஓடுகிற குறியோடு நின்றுவிடும். 'பி' முறையில் எதிர்க்குறி ஒன்று கூடுதலாகப் போகும், நண்பர் பழகியது அது. மெனுவில் மாற்றிப் பாருங்கள்.

இரட்டைப்பிடி:
பார்த்தீர்களா, அமைப்பில் ஒரு மாற்றம், பிரச்சினை தீர்ந்தது.

புதுக்கை:
மாற்றிவிட்டேன், 'சிக்யூ' சுத்தமாக வருகிறது. ஆனால் இதுவரை ஒழுங்காக வந்த 'என்' இப்போது அடிக்கடி 'கே' ஆகிறது. அழைப்புக்குறியையும் எழுதிப் பார்த்தேன், பிடி உதவுகிற எழுத்து ஒன்றே ஒன்று.

ஒற்றைத்தகடு:
நான் எதுவும் சொல்லவில்லை.

இரட்டைப்பிடி:
சொல்லாமலே சிரிப்பது கேட்கிறது. புதுக்கை, வேகத்தைக் குறைத்து 'என்' மட்டும் ஒரு வாரம் அடியுங்கள், டா விழுந்ததும் ஆள்காட்டி விரல் விலகிப் பழகட்டும். அதுவரை எதையும் வாங்காதீர்கள்.

பழையகீ:
அந்த ஒரு வாரம் முழங்கையும் மேசையில் இருக்கட்டும்.