ரீஜெனரேஷன் ரயில்கள் வந்தும் மின்கட்டணம் குறையவில்லை, எங்கே பார்ப்பது?

கேள்வி:
1500 வோல்ட் டிசி புறநகர் தடம். புது ரயில்கள் எல்லாவற்றிலும் ரீஜெனரேட்டிவ் பிரேக் (பிரேக் பிடிக்கும்போது மின்சாரம் தயாரித்துக் கம்பிக்குத் திருப்பி அனுப்புவது) இருக்கிறது. ஆனால் துணைமின் நிலைய மீட்டரில் எதிர்பார்த்த குறைவு தெரியவில்லை. மேக்ஸிமம் டிமாண்டும் (மீட்டர் பதியும் உச்ச மின்தேவை) அவ்வப்போது ஒப்பந்த அளவைத் தாண்டுகிறது. எதிலிருந்து தொடங்கலாம்?

பதில் 1:
முதலில் ரயிலின் பதிவை இறக்கி, பிரேக் ரெசிஸ்டரில் (உபரி மின்சாரத்தை வெப்பமாக்கும் கருவி) எவ்வளவு யூனிட் எரிந்தது என்று பாருங்கள். துணைமின் நிலையத்தில் ஏசியை டிசியாக மாற்றும் டயோடு ரெக்டிஃபையர் மின்சாரத்தைக் கிரிட்டுக்குத் திருப்பி அனுப்பாது. பக்கத்தில் மின்சாரம் இழுக்கும் ரயில் இல்லையென்றால் கம்பியின் வோல்டேஜ் ஏறும்; 1800-ஐ நெருங்கும்போது ரயிலே ரீஜெனரேஷனைக் குறைத்து ரெசிஸ்டருக்கோ காற்று பிரேக்குக்கோ மாறிவிடும்.

அடுத்து துணைமின் நிலையத்தின் நோ-லோட் வோல்டேஜ், அதாவது எந்த ரயிலும் மின்சாரம் இழுக்காதபோது இருக்கும் வோல்டேஜ். அது 1700-ல் நின்றால் திரும்பி வரும் மின்சாரத்துக்கு 100 வோல்ட் இடம்தான் மிச்சம். டிரான்ஸ்ஃபார்மர் டேப்பை (வோல்டேஜைப் படிப்படியாக மாற்றும் அமைப்பு) ஒரு படி இறக்கலாம். இறக்குமுன், ஒரு துணைமின் நிலையம் நின்றுபோன நிலையிலும் கடைசி ரயிலுக்கு 1000 வோல்ட்டுக்குக் குறையாமல் கிடைக்கிறதா என்று கணக்கிட்டே ஆக வேண்டும்.

கேள்வி கேட்டவர்:
ஒரு ரயில் பிரேக் பிடிக்கும் நேரத்தில் இன்னொன்று கிளம்பும்படி டைம்டேபிளை அமைத்தால்?

பதில் 1:
பலன் உண்டு, ஆனால் அரை நிமிடத் தாமதத்திலேயே அது கலைந்துவிடும். அதைவிட அப், டவுன் கம்பிகளை இடையிடையே இணைத்துவிடுவது உறுதியான வழி. இழுக்கும் ரயில் கிடைக்கும் வாய்ப்பு கூடும், கம்பி இழப்பும் குறையும். அதன்பிறகும் ரெசிஸ்டர் சூடாகிக்கொண்டிருந்தால் மட்டும், உபரி மின்சாரத்தைக் கிரிட்டுக்குத் திருப்பி அனுப்பும் இன்வெர்ட்டருக்குச் செலவழியுங்கள். இந்த மாற்றங்களைச் சரிபார்க்கும்போது பாதுகாப்பு ரிலே (பழுது வந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கவைக்கும் கருவி) அமைப்புகளையும் மறக்க வேண்டாம்.

பதில் 2:
திரும்பப் பெறுவதைவிடச் செலவழிக்காமல் இருப்பது மேல். 400 டன் ரயில் 80 கி.மீ. வேகத்தில் ஓடும்போது அதன் இயக்க ஆற்றல் ஏறத்தாழ 27 யூனிட். 60-ல் அது 15 தான். நிலையத்துக்கு முன்பே பவரை நிறுத்தி ரயிலைத் தானாக ஓடவிட்டு (கோஸ்டிங்), 60-ல் பிரேக் பிடித்தால் பிரேக்குக்கு வருவது 12 யூனிட் குறைவு. ஆகவே டைம்டேபிளில் இருக்கும் உபரி விநாடிகளை ஓட்டத்துக்குள் பிரித்துப் போடுங்கள். எல்லாவற்றையும் கடைசி நிலையத்தில் குவித்தால் ஓட்டுநர் கோஸ்டிங் செய்யவே முடியாது.

பதில் 3:
டிமாண்ட் வேறு நோய். மீட்டர் 15 அல்லது 30 நிமிடச் சராசரியை எடுக்கிறது, ஆகவே ஒரு கணத்து உச்சம் காரணமில்லை. தாண்டிய நாட்களின் கட்டுப்பாட்டு அறைப் பதிவை அருகில் வைத்துப் பாருங்கள். தடங்கல் நீங்கியதும் வரிசையாக நின்ற ரயில்கள் ஒரே சமயத்தில் கிளம்பியிருக்கும். ஒன்றன்பின் ஒன்றாக விட ஒரு நடைமுறை எழுதிவையுங்கள். டிப்போவில் விடியற்காலை எல்லா ரயில்களின் ஏசியும் ஒன்றாக ஓடுகிறதா என்றும் பாருங்கள். இரவில் நிற்கும் ரயிலில் கம்ப்ரசர் அடிக்கடி ஓடினால் காற்றுக் கசிவு இருக்கிறது; அதுவும் மீட்டரில்தான் ஏறும்.