பழைய ஐ5-இல் செருகிய 3080 டெஸ்க்டாப்பா, புது 4060 லேப்டாப்பா?

இரவுப்பறவை:
ஒரு வாரமாக இதே யோசனைதான். தெரிந்தவர் ஒருவர் தன் கேமிங் டெஸ்க்டாப்பை விற்கிறார், கிராபிக்ஸ் கார்டு ஆர்டிஎக்ஸ் 3080, கார்டின் நினைவகம் 10 ஜிபி. ஆனால் பிராசசர் ஐ5-7400, ரேம் 8 ஜிபி, அதுவும் ஒரே ஸ்டிக். கிட்டத்தட்ட அதே விலையில் புது லேப்டாப் ஒன்றும் வருகிறது, 4060 கார்டு, 16 ஜிபி ரேம். என்னிடம் 1080பி (1920×1080 புள்ளி) மானிட்டர் இருக்கிறது, பெரும்பாலும் ஓப்பன் வேர்ல்டு கேம்கள்தான் ஆடுவேன். இவ்வளவு பெரிய கார்டை விடவும் மனசு வரவில்லை, வாங்கவும் பயமாக இருக்கிறது. என்ன செய்யலாம்?

சால்டர்மணி:
இப்போது இருக்கிறபடியே ஆடப்போகிறீர்கள் என்றால் வாங்காதீர்கள். அந்த ஐ5 2017-இல் வந்தது, நாலு கோர், நாலே த்ரெட் (ஒரே நேரத்தில் ஓடக்கூடிய வேலைகள்). கூட்டம் நிறைந்த ஒரு ஊருக்குள் உங்கள் கேரக்டர் ஓடும்போது நாலு கோரும் 100 சதவீதத்தில் திணறும், கார்டு பாதி வேலைகூட இல்லாமல் சும்மா உட்கார்ந்திருக்கும், படம் வெட்டி வெட்டி ஓடும். 1080பி-யில் இது இன்னும் பளிச்சென்று தெரியும், ஏனென்றால் அங்கே கார்டுக்குச் சுமை குறைவு. நேரில் பார்க்கப் போனால் கேமை ஓடவிட்டு செட்டிங்கை அல்ட்ராவிலிருந்து லோவுக்கு இறக்கிப் பாருங்கள். ஃபிரேம் எண்ணிக்கை (நொடிக்கு எத்தனை படம்) ஏறவே இல்லையென்றால் பிராசசர்தான் கழுத்தைப் பிடிக்கிறது.

இன்னொன்று, அந்த பிராசசர் விண்டோஸ் 11-இன் அதிகாரப்பூர்வப் பட்டியலில் இல்லை, விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்துவிட்டது.

ஆனால் இது தீர்க்க முடியாத நோய் இல்லை. ரேம் டிடிஆர்4 வகையாக இருந்தால் (இருக்கும், பார்த்துக்கொள்ளுங்கள்) ஒரு ஏஎம்4 சாக்கெட் மதர்போர்டும் ரைசன் 5 5600 பிராசசரும் வாங்கி அதே ரேமைச் செருகலாம், கூடவே இன்னொரு 8 ஜிபி ஸ்டிக். ஆறு கோர், 12 த்ரெட். அந்த கார்டு அப்போதுதான் மூச்சு விடும். அந்தச் செலவையும் சேர்த்து லேப்டாப் விலையோடு ஒப்பிடுங்கள்.

ஜன்னலோரம்:
நான் 4060 லேப்டாப்தான் இரண்டு வருடமாக வைத்திருக்கிறேன், நல்லதும் கெட்டதும் சொல்கிறேன். பையில் போட்டுக்கொண்டு எங்கேயும் போகலாம், அதற்கு ஈடு இல்லை. வாரத்துக்கு இரண்டு நாளாவது தூக்கிக்கொண்டு போவீர்கள் என்றால் யோசிக்கவே வேண்டாம். ஒரே மேஜைதான் என்றால் மேலே அண்ணா சொன்னதே சரி. ஃபேன் சத்தத்துக்கு ஹெட்செட் இல்லாமல் முடியாது, சார்ஜரைப் பிடுங்கினால் வேகம் படுத்துவிடும், கார்டு போர்டோடு பற்றவைத்தது, பின்னாளில் கார்டின் 8 ஜிபி நினைவகம் போதவில்லை என்றால் ஒன்றும் செய்ய முடியாது. வாங்கினால் கார்டுக்கு வாட் எவ்வளவு என்று கட்டாயம் கேளுங்கள். லேப்டாப் 4060-ஐ 35 வாட்டிலிருந்து 115 வாட் வரை எப்படி வேண்டுமானாலும் அமைக்கலாம், பெட்டியில் பெயர் மட்டும் ஒன்றுதான்.

கேபிள்காரன்:
பவர் சப்ளையைப் பற்றி யாருமே கேட்கவில்லையே! 3080 மட்டுமே 320 வாட் இழுக்கும், என்விடியா 750 வாட் சப்ளை வைக்கச் சொல்கிறது. நொடியின் சின்னத் துண்டில் அதற்கும் மேலே எகிறும், அப்போது பலவீனமான சப்ளை பொத்தென்று அணைந்துவிடும். எனக்கு அப்படி நடந்திருக்கிறது, மூன்று வாரம் கார்டுதான் கெட்டுப்போச்சு என்று அலைந்தேன். பக்கவாட்டு மூடியைக் கழற்றி ஸ்டிக்கரைப் படியுங்கள், கார்டுக்குப் போகும் கேபிள்களையும் பாருங்கள்.

இரவுப்பறவை:
இன்று போய்த் திறந்து பார்த்தேன். 500 வாட். கார்டில் இரண்டு 8 பின் இணைப்பு, ஒன்றுக்குத்தான் ஒழுங்கான கேபிள், இன்னொன்று மோலெக்ஸ் (பழைய வகை மின் இணைப்பு) மாற்றி வழியாகப் போகிறது, அதன் பிளாஸ்டிக் ஓரம் லேசாகப் பழுப்பேறி இருந்தது. லோ செட்டிங் வைத்தும் பார்த்தேன், ஃபிரேம் 52-லேயே நின்றது.

கேபிள்காரன்:
பழுப்பா? இனி அதை ஆன் செய்யவே வேண்டாம் என்று அவரிடமும் சொல்லுங்கள், சூடேறி உருக ஆரம்பித்ததன் அடையாளம் அது. கார்டின் சாக்கெட்டும் கருகியிருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள்.

இரவுப்பறவை:
சொல்லிவிட்டேன், உடனே கழற்றி வைத்துவிட்டார். சாக்கெட் சுத்தமாக இருக்கிறது. நான் எங்கேயும் தூக்கிக்கொண்டு போகிற ஆள் இல்லை, அதனால் கார்டையும் ரேமையும் மட்டும் தனியாகத் தருவீர்களா என்று கேட்டிருக்கிறேன். வேறொரு நல்ல கம்ப்யூட்டரில் ஒரு மணி நேரம் ஓட்டிக் காட்டினால் எடுத்துக்கொள்வேன், மற்றதெல்லாம் புதிதாகச் சேர்க்கிறேன்.

சால்டர்மணி:
அதுதான் சரி. முதலில் சப்ளையை வாங்குங்கள், கார்டை அப்புறம் செருகலாம்.