மாத்தினா இன்னா போகும்? ஒரே கம்பெனி போனைத் திரும்பத் திரும்ப வாங்குறவங்க

சத்துவாச்சாரி

கவுண்டருக்கு வந்து நின்னதும் "அதே கம்பெனிதான் வேணும், கைக்குப் பழகிக்கீது"ன்னு சொல்றவங்களைக் கடை வச்சிருக்கிறவங்க தினம் பாக்குறீங்க. ராசி, நம்பிக்கை, பழைய நோக்கியா மாதிரி உழைக்கும்னு ஆளுக்கொரு காரணம் சொல்வாங்க. கொஞ்சம் தோண்டினா "மாத்தினா இன்னா போகும்"ங்கிற கணக்குதான் அடியில கிடக்குது. அந்தக் கணக்குல எது எது வருதுன்னு வேலூர் சுத்துவட்டாரத்துல வேலை தெரிஞ்சவங்க அவங்கவங்க ஊர் பேரைப் போட்டு எழுதுங்க. பாகத்தோட பேர், எங்க கெடும், ஏன் கெடும், எல்லாம் வேணும். ஐபோன் பெருசா ஆண்ட்ராய்டு பெருசாங்கிற சண்டை டீக்கடைக்கு.

காட்பாடி, சர்வீஸ் பெஞ்ச்

முதல் போன் வாங்குறவர் கேமராவைக் கேட்பார். ஒரு தடவை கீழ போட்டு உடைச்சவர் "இதுக்குக் காம்போ கிடைக்குமா"ன்னு கேட்பார். கம்பெனிப் பாசம் பிறக்கிற இடம் அதுதான். காம்போன்னா மேல் கண்ணாடி, டச், டிஸ்பிளே மூணும் ஒட்டினபடி வர்ற ஒரே பாகம். அதிகம் ஓடுற சாம்சங் ஏ வரிசை, ரெட்மி, விவோ ஒய் வரிசைக்கெல்லாம் ஊர்லயே கிடைக்கும், மத்தியானத்துக்குள்ள வேலை முடியும். அபூர்வமான மாடல்னா சென்னை ரிச்சி தெருவுக்குச் சொல்லி அனுப்பிட்டு, பார்சல் வர்ற வரைக்கும் போன் இல்லாம உக்காரணும். அப்படி உக்காந்தவர் அடுத்த தடவை தெருவுல எல்லாரும் வச்சிருக்கிற போனையே வாங்குவார்.

கிடைக்கிற காம்போவும் ஒரே ரகம் இல்லை. கம்பெனி பாகம், வேற போன்ல கழட்டினது, காப்பின்னு மூணு உண்டு. அமோலெட்டை (ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிர்ற திரை) கழட்டிட்டு அங்க விலை குறைஞ்ச டிஎஃப்டி (பின்னால பேக்லைட்ங்கிற விளக்கு எரிஞ்சாத்தான் தெரியிற திரை) போட்டா, திரைக்கு அடியில இருக்கிற கைரேகை செத்துடும். அந்த சென்சார் பலதும் அமோலெட் ஊடா இறங்குற வெளிச்சத்துலதான் விரலைப் படிக்குது. டிஎஃப்டி பின்னால பேக்லைட் தாள் மறைச்சுக்கும். பலகையும் தடிமன், ஃபிரேம்ல சரியா உக்காராம ஓரம் தூக்கும், அந்த இடுக்குல தண்ணி இறங்கும். கருப்புத் திரையிலயும் பேக்லைட் எரிஞ்சுக்கிட்டே இருக்கிறதால சார்ஜும் சீக்கிரம் தீரும். "அந்தக் கம்பெனி போன் ஒரு தடவை பிரிச்சா வீண்"னு ஊர்ல சுத்துற கெட்ட பேர்ல பாதி இப்படி வந்தது. பக்கவாட்டு பட்டன்ல கைரேகை இருக்கிற போனுக்கு அந்த முதல் தொல்லை கிடையாது.

மாத்தக் குடுக்கிறவங்க, பசை போடறதுக்கு முன்னாடி ஃபிளெக்ஸை (டிஸ்பிளேயைப் போர்டோட சேர்க்கிற மெல்லிசு வயர்ப்பட்டை) மட்டும் மாட்டி ஆன் பண்ணச் சொல்லுங்க. ஒரு ஐகானை விரலால பிடிச்சு, விடாம திரை முழுக்க இழுங்க. நடுவுல நழுவினா அந்த இடத்துல டச் இல்லை. யாருக்காவது கால் போட்டு காதுல வைங்க, திரை அணையணும். முழு வெள்ளைப் படம் ஒண்ணு, முழு கருப்பு ஒண்ணு பாருங்க. அப்புறம்தான் பி-7000 பசை. கிளிப்போ ரப்பர் பேண்டோ போட்டு மூணு மணி நேரமாவது விடணும், முழுசா இறுக ஒரு நாளுக்கு மேல ஆகும். பத்து நிமிஷத்துல பிடுங்கி ஜீன்ஸ் பாக்கெட்ல திணிச்சா ஓரம் எழும்பும். திட்டு மட்டும் கடைக்கு.

ஐபோன்ல பாகத்துக்கும் போர்டுக்கும் சீரியல் நம்பரால முடிச்சு போட்டிருக்கு. 11-வது மாடல்ல இருந்து வெளி டிஸ்பிளே போட்டா, அசல் பாகமான்னு உறுதி செய்ய முடியலைன்னு செட்டிங்ஸ்ல வந்து நிக்கும், சுத்தியிருக்கிற வெளிச்சத்துக்கு ஏத்தபடி திரை நிறத்தை மாத்துற ட்ரூ டோனும் காணாமப் போகும். எக்ஸ்ல இருந்து 12 வரைக்கும் இன்னொரு வம்பு: காதுப் பக்கத்து ஸ்பீக்கர் ஃபிளெக்ஸைப் பழைய டிஸ்பிளேல இருந்து நோகாம எடுத்துப் புதுசுக்கு மாத்தணும். முகம் பார்த்துத் திறக்கிற ஃபேஸ் ஐடிக்கு வெளிச்சம் அடிக்கிற பாகம் அதுலதான் இருக்கு, கிழிஞ்சா ஃபேஸ் ஐடி போச்சு. 2024-ல வந்த ஐஓஎஸ் 18-ல, வேற ஐபோன்ல கழட்டின அசல் பாகத்தைப் புது மாடல்கள்ல போனே பொருத்திக்கிற வழி வந்துது. ஆனாலும் அந்த பயத்துல கம்பெனி சர்வீஸை விட்டு வெளிய வராதவங்கதான் நிறைய.

ஆபிசர்ஸ் லைன், கவுண்டர்

பெஞ்ச்காரர் சொல்றது ரெண்டாவது போனுக்குப் பொருந்தும். முதல் போனை முடிவு பண்றது இங்க. கம்பெனி பேர் போட்ட பனியனோட கடைக்குள்ள நிக்கிற பையன் பெரும்பாலும் கடை ஆள் இல்லை, கம்பெனி வச்ச புரமோட்டர். வித்த எண்ணிக்கைக்கு ஊக்கத்தொகை உண்டு. "அண்ணே, இது எடுங்க"ன்னு அவன் கை எந்தப் பக்கம் போகுதுன்னு பார்த்துட்டு, அதே விலையில மத்த ரெண்டு போனையும் எடுத்து வைக்கச் சொல்லுங்க.

அடுத்தது தவணை. எந்த மாடலுக்கு வட்டியில்லாத் திட்டம் ஓடுதோ அதைத்தான் ஆள் எடுப்பாங்க. பிராசஸிங் கட்டணம், காப்பீடுன்னு ஏதாவது சேர்த்திருக்காங்களான்னு தனியாக் கேளுங்க. சில தவணை போன்ல பூட்டு ஆப் ஒண்ணு இறங்கும். கெடு தாண்டினா திரை பூட்டிக்கும், ஃபேக்டரி ரீசெட் அடிச்சாலும் நெட் கிடைச்சதும் திரும்ப முளைக்கும். கடைசித் தவணை கட்டினதும் பாக்கியில்லைன்னு கடிதம் வாங்கிக்கிட்டு, அந்த ஆப் நிஜமா எடுபட்டிருக்கான்னும் பார்த்துடுங்க.

செகண்ட்ஸ் வாங்குறவங்க சிக்குறதும் இங்கதான். *#06# அடிச்சு வர்ற 15 இலக்க ஐஎம்இஐ நம்பரை (போனோட அடையாள எண்) பெட்டியோட ஒத்துப் பாருங்க. கேஒய்எம்னு ஆங்கிலத்துல அடிச்சு, ஒரு இடம் விட்டு, அந்த நம்பரைப் போட்டு 14422-க்கு மெசேஜ் அனுப்புங்க. கறுப்புப் பட்டியல்ல இருக்கு, போலின்னு பதில் வந்தா கையைக் கழுவிட்டு எழுந்துடுங்க. ஆனா தவணைப் பாக்கி அந்த மெசேஜ்ல தெரியாது. விக்கிறவர் எதிர்லயே ரீசெட் போட்டு, உங்க நெட்ல இணைச்சு, முதல் திரையில இருந்து கடைசி வரைக்கும் போங்க. பழைய கூகுள் கணக்கு கேட்டாலோ கடன் கம்பெனி பேர் வந்தாலோ பணம் குடுக்காதீங்க.

ஆற்காடு

சார்ஜரை விட்டுட்டீங்களே. வீட்ல நாலு போன், நாலும் ஒரே கம்பெனின்னா அதுக்குக் காரணம் சுவர்ல தொங்குற ஒரே சார்ஜர். ஓப்போ, ரியல்மி, ஒன்பிளஸ் வகை வேக சார்ஜான சூப்பர்வூக்ல 65 வாட்னா 10 வோல்ட், 6.5 ஆம்பியர். அதைத் தாங்குற அவங்க கேபிளும் அவங்க அடாப்டரும் சேர்ந்தாத்தான் அந்த வேகம். சாம்சங் 25 வாட்டுக்கு பிடி (பொதுவான வேக சார்ஜ் முறை) மட்டும் போதாது, பிபிஎஸ் (வோல்ட்டை அப்பப்ப ஏத்தி இறக்குற முறை) இருக்கிற அடாப்டர் வேணும். பஸ் ஸ்டாண்டு வாசல்ல வாங்கின கேபிளைப் போட்டுட்டு "போன் சார்ஜ் ஏற மாட்டேங்குது"ன்னு கம்பெனியைத் திட்டுறது வழக்கம். அடாப்டர்ல அச்சடிச்ச சின்ன எழுத்தைப் படிச்சாலே பாதி வழக்கு தீரும்.

காந்தி ரோடு, டேட்டா மாத்துற கடை

நம்ம கணக்குல டிஸ்பிளே, சார்ஜர் எல்லாத்துக்கும் மேல வாட்ஸ்அப். வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரிக்கு வைத்தியத்துக்கு மேற்கு வங்காளம், வடகிழக்கு, பங்களாதேஷ்னு எங்கெங்கிருந்தோ வந்து லாட்ஜ்ல தங்குறவங்க ஸ்கேன், மருந்துச் சீட்டு எல்லாத்தையும் அதுக்குள்ளதான் வச்சிருப்பாங்க. "சாட் போயிடுமா"ங்கிறது முதல் கேள்வி. போகும்னு தெரிஞ்சா உடைஞ்ச போனையே ஒட்டித் தரச் சொல்வாங்க.

ஆண்ட்ராய்டு பேக்கப் கூகுள் டிரைவ்ல, ஐபோன் பேக்கப் ஐகிளவுட்ல. ஒண்ணை இன்னொண்ணு படிக்காது. ஆண்ட்ராய்டுக்குள்ளயே மாறினா சுலபம்: பழைய போன்ல வாட்ஸ்அப் செட்டிங்ஸ், சாட்ஸ், டிரான்ஸ்ஃபர் சாட்ஸ் போய்ப் புது போன்ல வர்ற க்யூஆரை ஸ்கேன் பண்ணினா போதும். வைஃபையும் லொகேஷனும் ரெண்டுலயும் ஆன்ல இருக்கணும்.

ஆண்ட்ராய்டுல இருந்து ஐபோனுக்குன்னா 2022-க்கு அப்புறம்தான் நேர் வழி கிடைச்சுது. மூவ் டு ஐஓஎஸ் ஆப் வழியாப் போகணும், ஐபோன் புதுசாவோ ரீசெட் அடிச்சதாவோ இருக்கணும், நம்பர் அதேதான். ரெண்டையும் சார்ஜர்ல போட்டு, ஐபோன் காட்டுற குறியீட்டை ஆண்ட்ராய்டுல அடிச்சு, பட்டியல்ல வாட்ஸ்அப்பைத் தேர்ந்தெடுக்கணும். தொண்ணூறு சதவீதத்துல நின்னா நின்னபடி விடுங்க, திரையை மூடிட்டு வேற ஆப் பக்கம் போனா அறுந்துடும். எல்லாரும் செய்ற தப்பு ஒண்ணு: புது ஐபோனை வாங்கின சந்தோஷத்துல முதல்ல செட்டப் முடிச்சு, வாட்ஸ்அப் நம்பர் போட்டு, ரெண்டு நாள் ஓட்டிட்டு அப்புறம் பழசு வேணும்னு வர்றது. அப்ப ஐபோனை முழுசா அழிச்சு மறுபடி முதல்ல இருந்து. அந்த ரெண்டு நாள் பேச்சு போனது போனதுதான். ஐபோன்ல இருந்து ஆண்ட்ராய்டுக்குத் திரும்புறப்பவும் அப்படித்தான், புது போனோட முதல் செட்டப்லயே கேபிள் போட்டு இழுக்கணும்.

மேல்விஷாரம்

துபாய், சவுதியில இருந்து வர்ற போன் இங்க வீட்டுக்கு வீடு உண்டு. தம்பி அனுப்பின கம்பெனியையே அண்ணன், அம்மான்னு குடும்பமே பிடிச்சுக்கும். அனுப்புறவங்க கவனிக்க: பல சாம்சங் போன்ல வித்த நாட்டுப் பகுதி சிம்மைப் போட்டு மொத்தம் 5 நிமிஷமாவது பேசினாத்தான் வேற நாட்டு சிம் எடுக்கும். பெட்டியில ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். அங்கேயே பேசி முடிச்சுட்டு அனுப்புங்க பாய், இல்லைன்னா இங்க வந்து திறக்க அலையணும். ஐபோன் 17-ல வளைகுடா நாடுகள்ல விக்கிறதுக்கு சிம் தட்டே கிடையாது, போனுக்குள்ளயே பதியுற இசிம் மட்டும். கெட்டுப் போன போன்ல இருந்து சிம்மை உருவி இன்னொண்ணுல போடற பழக்கம் உள்ளவங்களுக்கு அது ஒத்து வராது. வாரண்டி இந்தியாவுல செல்லுமான்னு மாடலுக்கு மாடல் மாறும், பில்லையும் சேர்த்து அனுப்புங்க.

குடியாத்தம்

இந்தப் பக்கம் பீடி சுத்துறவங்க, தறியில உக்காருறவங்க, பேரணாம்பட்டுப் பக்கம் தோல் வேலை பாக்குறவங்க கையில ரேகை தேய்ஞ்சிருக்கும். ரேஷன் கடை மெஷினே எடுக்காது, போன் எடுக்குமா? ஒரு கம்பெனி போன்ல எடுத்துடுச்சுன்னா ஆயுசுக்கும் அதுதான். காரணம் கம்பெனி இல்லை, சென்சார் வகை. வாங்குறதுக்கு முன்னாடி டெமோ போன்ல வேலை பாக்குற விரலையே வச்சுப் பாருங்க. பதியறப்ப ஒரே விரலை ரெண்டு மூணு தடவை தனித்தனியாப் பதியுங்க, சுண்டு விரலையும் சேருங்க, அதுல தேய்மானம் கம்மி.

வியாபாரிங்களுக்கு வேற காரணம்: கால் ரெக்கார்டிங். லோடு கணக்கு, விலை பேசினது எல்லாம் வாய்ப்பேச்சு, பின்னால தகராறு வந்தா கேட்டுப் பாக்கணும். கூகுள் டயலர் (கால் பண்ற ஆப்) இருக்கிற போன்ல பதிவு ஆகுதுன்னு ரெண்டு பேருக்கும் சத்தமா அறிவிக்கும். சாம்சங் இந்தியாவுல தன் டயலரையே வச்சிருக்கிறதால அந்த அறிவிப்பு இல்லை. 2022 மே 11-க்கு அப்புறம் பிளே ஸ்டோர் ரெக்கார்டிங் ஆப்களுக்கும் கூகுள் வழியை அடைச்சுடுச்சு. ஐபோன்ல 2024 அக்டோபர்ல ஐஓஎஸ் 18.1-லதான் வந்துது, அதுவும் அறிவிச்சுட்டுத்தான். ஒரே கம்பெனியை மண்டி ஆளுங்க விடாததுக்கு இதைவிடப் பெரிய காரணம் கிடையாது, கேமராவை அவங்க திறந்துகூடப் பாக்குறதில்லை.

ஒடுகத்தூர்

மலையடிவாரத்துல "இந்த போன்லதான் டவர் எடுக்கும்"னு சொன்னா அது மூடநம்பிக்கை இல்லை. பிஎஸ்என்எல் 4ஜி 700 மெகாஹெர்ட்ஸ்ல, அதாவது பேண்ட் 28ங்கிற அலைவரிசையில, கூடவே பேண்ட் 1-ல வருது. மேட்டைத் தாண்டி வர்றது அந்த 700தான். போன்ல பேண்ட் 28 இல்லைன்னா பக்கத்து வீட்ல நாலு கோடு, உங்க வீட்ல ஒண்ணும் இருக்காது. கம்பெனி இணையதளத்துல மாடலோட விவரத்துல பேண்ட் பட்டியல் இருக்கும், "இந்தியா" மாடலுக்கானதைப் பாருங்க. ஜியோவுக்கு 2ஜி, 3ஜி கிடையாது, வோல்ட்இ (4ஜி வழியாவே கால் பேசுற வசதி) ஓடலைன்னா பேசவே முடியாது. வெளிநாட்டு போன்ல நெட் வந்து கால் மட்டும் போகலைன்னா முதல்ல அதைச் சந்தேகப்படுங்க.

காட்பாடி, சர்வீஸ் பெஞ்ச்

இன்னொண்ணு விட்டுப் போச்சு. வெயில். நம்ம ஊர்ல கத்திரி வெயில் 40 டிகிரியைத் தாண்டும். ஐபோனை 35 டிகிரி வரைக்கும் உள்ள சூழல்ல பயன்படுத்தச் சொல்லித்தான் ஆப்பிள் எழுதி வச்சிருக்கு. வண்டி ஹேண்டில்ல மாட்டி மேப் பார்த்துக்கிட்டே போனா திரை மங்கும், சார்ஜ் ஏறாம நிக்கும். அது கோளாறு இல்லை, தற்காப்பு. அப்படி மாட்டினா வண்டி எஞ்சின் அதிர்வுல கேமரா ஆட்டத் தடுப்பு பாகமும் கெடலாம்னு 2021-ல ஆப்பிளே எச்சரிச்சுது.

"பழசாச்சு, ஸ்லோ ஆயிடுச்சு, அதே கம்பெனியில புதுசு குடுங்க"ன்னு வர்ற போன்ல பலதுக்கு பேட்டரி மாத்தினா போதும். 2017 டிசம்பர்ல ஆப்பிள் ஒத்துக்கிட்டதே அதான்: பேட்டரி தளர்ந்தா போன் தானா வேகத்தைக் குறைக்கும். ஐபோன் 14 வரைக்கும் 500 முழு சார்ஜ் சுற்றுக்கு அப்புறம் 80 சதவீதக் கொள்ளளவு, 15-ல இருந்து 1000 சுற்றுன்னு கணக்கு. வெயில்லயே கிடக்கிற போன்ல அந்த எண்ணிக்கைக்கு முன்னாடியே இறங்கும்.

பின் மூடி லேசா எழும்பினா, இல்ல டேபிள்ல வச்சா போன் ஆடினா, பேட்டரி உப்பிக்கிட்டு இருக்கு. அழுத்தி மூடாதீங்க, சார்ஜ் போடாதீங்க, ஊசியால குத்திக் காத்து எடுக்கிறேன்னு கிளம்பாதீங்க. ஆஃப் பண்ணி, துணி, பேப்பர் இல்லாத இடத்துல தரையில வச்சுட்டு, அன்னைக்கே கொண்டு வாங்க. வண்டி டேங்க் கவர்ல வெயில்ல போட்டுக் கொண்டு வராதீங்க.