வோல்கா பஞ்சம்: பிள்ளைக்குச் சோறா, அப்பனுக்கு விதையா?

வைகைக்கரையான்:
முதல் உலகப்போரும் அதையடுத்து வந்த உள்நாட்டுப் போரும் ஓய்கிற நேரத்தில், 1921இல், ரஷ்யாவின் வோல்கா கரையில் பெரும் பஞ்சம் விழுந்தது. ஏறத்தாழ ஐம்பது லட்சம் பேர் மாண்டார்கள். மழை பொய்த்தது உண்மை. ஆனால் அதற்கு முன்பே குதிரைகளைப் படைகள் ஓட்டிக்கொண்டு போயிருந்தன. போர்க்கால தானியப் பறிமுதல் விதைக்கு வைத்திருந்ததையும் விட்டுவைக்கவில்லை. 1921 மார்ச்சில் பறிமுதலுக்குப் பதிலாகத் தானிய வரி வந்தபோது பல கிராமங்களில் குதிர் காலி.

ரஷ்ய எழுத்தாளர் மாக்சிம் கார்க்கி உலகத்திடம் உதவி கேட்டார். அமெரிக்க வர்த்தக அமைச்சர் ஹெர்பர்ட் ஹூவர் நடத்திய அமெரிக்க நிவாரண நிர்வாகம் 1921 ஆகஸ்ட் 20 அன்று ரீகா நகரில் சோவியத் பிரதிநிதி லித்வினோவுடன் ஒப்பந்தம் செய்தது. பத்து லட்சம் குழந்தைகளுக்கும் நோயாளிகளுக்கும் உணவு. பிள்ளை சமையற்கூடத்திலேயே உட்கார்ந்து சாப்பிட வேண்டும், வீட்டுக்கு எடுத்துப் போகக் கூடாது.

அந்தத் தொடக்கமே கோணல் என்கிறேன். பிள்ளைக்கு ரொட்டி கொடுத்துவிட்டு, வாசலில் நிற்கும் அப்பனைத் திருப்பி அனுப்பினால் அடுத்த வருஷம் அந்த நிலத்தை யார் உழுவார்கள்? பிள்ளையை யார் வளர்ப்பார்கள்?

கரிசல்காட்டுக்காரி:
அண்ணா, நீங்கள் மண்ணைப் பார்க்கிறீர்கள், நாள்காட்டியைப் பார்க்கவில்லை. செப்டம்பரில் முதல் சமையற்கூடங்கள் திறக்கின்றன. அன்று விதை கொடுத்திருந்தாலும் அறுவடை அடுத்த கோடையில்தான். ஐந்து வயதுப் பிள்ளை அதுவரை எதைத் தின்னும்? புல்லையும் மரப்பட்டையையும் மாவோடு கலந்து தின்றுகொண்டிருந்த ஊர்கள் அவை.

கூடத்திலேயே சாப்பிட வேண்டும் என்ற விதி உங்களுக்குக் கொடுமையாகத் தெரிகிறது. ஒரு பிள்ளைக்கு அளந்த சோறும் பாலும் கோகோவும் வீட்டில் ஆறு பேருக்குப் பிரிந்தால் ஆறு பேரும் பிழைக்கப்போவதில்லை. எந்தத் தாயும் பிரித்துத்தான் கொடுப்பாள். அந்த முடிவை அவள் தலையில் சுமத்தாமல் விதியின் தலையில் சுமத்தினார்கள். இரக்கமில்லாதது போலத் தோன்றும் இரக்கம் அது.

வைகைக்கரையான்:
தங்கச்சி, விதி எழுதியவர்களின் இரக்கத்தை நான் சந்தேகிக்கவில்லை. குளிர்காலம் வந்ததும் என்ன ஆயிற்று? காலணியும் மேலங்கியும் இல்லாத பிள்ளைகளால் பனியில் நடந்து கூடத்துக்கு வரவே முடியவில்லை. அதாவது யார் மிகவும் இல்லாதவர்களோ அவர்கள்தான் வெளியே விடுபட்டார்கள்.

இது போதாது என்பது நிவாரணக்காரர்களுக்கே சில மாதங்களில் தெரிந்துவிட்டது. இந்தியானா மாநிலத்தின் முன்னாள் ஆளுநர் ஜேம்ஸ் குட்ரிச்சை ஹூவர் வோல்கா கரைக்கு அனுப்பிப் பார்க்கச் சொன்னார். பெரியவர்களுக்கும் தானியம் வேண்டும், விதையும் வேண்டும் என்று அவர் சொன்ன பிறகுதான் டிசம்பரில் அமெரிக்கக் காங்கிரஸ் 2 கோடி டாலர் ஒதுக்கியது. முதல் மாதங்களிலேயே செய்திருக்க வேண்டியது.

செங்கதிர்:
தோழர்களே, இருவரும் ஹூவரை ஏதோ அன்னதானப் பிரபு போலப் பேசுகிறீர்கள். அந்த 2 கோடி டாலருக்கு வாங்கியது பெரும்பாலும் மக்காச்சோளம். அமெரிக்காவில் அப்போது மக்காச்சோள விலை பாதாளத்தில் கிடந்தது. நடுமேற்கு மாநில விவசாயிகள் அதை அடுப்பில் போட்டு எரித்தார்கள், நிலக்கரியைவிட மலிவு என்பதால். உபரியைக் கப்பலேற்றினால் சொந்த விவசாயிக்கு விலை கிடைக்கும். காங்கிரஸ் விவாதத்திலும் இந்தப் பேச்சு வந்தது. சோவியத் அரசும் ஏறத்தாழ ஒரு கோடி டாலர் மதிப்புள்ள தங்கம் கொடுத்தது. பாதி வியாபாரம், பாதி அரசியல். நிவாரணக்காரர்கள் வேவு பார்ப்பார்களோ என்று ஆட்சியிலிருந்த போல்ஷ்விக்குகள் அஞ்சியதில் என்ன தவறு?

கரிசல்காட்டுக்காரி:
மக்காச்சோளம் எந்த எண்ணத்தில் வந்தது என்று பார்த்து வோல்கா கரைச் சமாராவில் யாராவது திருப்பி அனுப்பினார்களா தோழர்? தங்கள் விவசாயிக்கும் லாபம் என்றதால்தான் அந்த மசோதா நிறைவேறியது என்றால், அந்த லாபத்துக்கு நான் நன்றி சொல்வேன். சுத்தமான மனசோடு உலக நாடுகள் சங்கத்தில் கெஞ்சிய நார்வேக்காரர் நான்சென் என்ன பெற்றார்? 1921 செப்டம்பரில் ஜெனீவாவில் நின்று அரசுகளிடம் கடன் கேட்டார். கைவிரித்தார்கள்.

ரயில்வே ஓய்வூதியர்:
பிள்ளையா விதையா என்று இங்கே நடக்கும் சண்டையில் தண்டவாளத்தை எல்லோரும் மறந்துவிட்டார்கள்.

1922 பிப்ரவரியில் மக்காச்சோளக் கப்பல்கள் கருங்கடலோர நொவொரஸ்ஸிஸ்க் துறைமுகத்துக்கு வரத் தொடங்கின. அங்கிருந்து வோல்காவுக்கு ரயில். போரில் நொறுங்கிய பாதை, பழுது பார்க்காத இன்ஜின்கள், நிலக்கரிப் பஞ்சம், டைபஸ் காய்ச்சலில் விழுந்த ஊழியர்கள். பலாஷோவ் சந்திப்பில் நிவாரண வண்டிகள் தேங்கி நின்றன. அந்தப் பக்கம் பெட்டி பெட்டியாகத் தானியம், இந்தப் பக்கம் பட்டினிச் சாவு. ஹூவர் அமைப்பின் ரஷ்யப் பிரிவுத் தலைவர் கர்னல் ஹாஸ்கெல் பொறுமை இழந்து மேலிடத்தில் முறையிட்டார். அப்போது போக்குவரத்துத் துறை ஜெர்ஜின்ஸ்கியின் கையில், அதாவது இரகசிய போலீஸின் தலைவரிடமே இருந்தது. அவர் தலையிட்ட பிறகு வண்டிகள் நகர்ந்தன. (சிக்னல் மாற்ற எங்களுக்கு இப்படி ஒரு மேலதிகாரி வாய்த்ததில்லை. நல்லவேளை.)

ரயில் நிலையத்தோடும் முடியவில்லை. அங்கிருந்து கிராமத்துக்குப் பனிச்சறுக்கு வண்டி. பனி உருகிவிட்டால் வழியெல்லாம் சேறு, வாரக்கணக்கில் ஒன்றும் அசையாது. அந்த வண்டியை இழுக்கக் குதிரை வேண்டும். குதிரைகளைப் படை கொண்டுபோனது போக மீந்ததை ஜனங்கள் தின்றுவிட்டார்கள். சில இடங்களில் ஒட்டகம் பூட்டினார்கள். ஆகவே வைகைக்கரையான் கேட்பதுபோல 1921 செப்டம்பரிலேயே பெரியவர்களுக்கும் தானியம் அனுப்பியிருந்தால், அது ஊருக்குள் போயிருக்கும் என்பதற்கு என்ன உத்தரவாதம்? குழந்தை உணவு எடை குறைவு. ஒரு பெட்டி கோகோவும் டின் பாலும் எத்தனை வயிற்றுக்கு ஆகும், ஒரு பெட்டி மக்காச்சோளம் எத்தனை வயிற்றுக்கு ஆகும் என்று சரக்கு குமாஸ்தாவைக் கேளுங்கள்.

மணிமுத்தாறு:
ரயில் ஐயாவின் பதிவு நன்று. ஆனால் செங்கதிர் தாண்டிப்போன இடத்துக்கு வருகிறேன். 1922 ஆகஸ்டில் ஹூவரின் அமைப்பு நாளொன்றுக்கு ஒரு கோடிக்கும் மேற்பட்டோருக்கு உணவளித்தது. அதே இலையுதிர் காலத்தில் சோவியத் அரசு தானிய ஏற்றுமதியைத் தொடங்கியது! வெளிநாட்டுக்காரன் தானியம் இறக்குகிறான், உள்நாட்டு அரசு தானியம் ஏற்றுகிறது. இதற்கு என்ன விளக்கம்?

செங்கதிர்:
இயந்திரம் வாங்க அந்நியச் செலாவணி வேண்டும், கடன் தர எந்த நாடும் தயாரில்லை. 1922 அறுவடை முந்தையதைவிட மேம்பட்டும் இருந்தது. ஏற்றுமதி என்றதும் பதறுகிறீர்களே, 1877இல் தாது வருஷப் பஞ்சத்தின்போது நம் சென்னை மாகாணத்துத் தானியம் கப்பலேறியதே? பிரிட்டிஷ் அதிகாரி ரிச்சர்ட் டெம்பிள் நிவாரண வேலை செய்தவனுக்கு நாளுக்கு ஒரு பவுண்டு தானியம் என்று குறைத்தாரே?

மணிமுத்தாறு:
டெம்பிளைத் திட்ட உங்களுக்கு இருக்கும் நாக்கு மாஸ்கோ பக்கம் ஏன் மரத்துப்போகிறது? லண்டன் ஏற்றினால் கொள்ளை, மாஸ்கோ ஏற்றினால் செலாவணியா? தாது வருஷத்தைக் கொண்டுவந்தது நீங்கள். அதே தராசில் இதையும் நிறுங்கள்.

செங்கதிர்:
நிறுக்கிறேன். அங்கே காலனி, இங்கே முற்றுகையிலிருந்து எழுந்த நாடு. எடை ஒன்றல்ல.

வைகைக்கரையான்:
ஏற்றுமதிச் சண்டையை நீங்கள் இருவரும் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். ரயில் ஐயாவுக்குப் பதில்: எடைக் கணக்கை ஒப்புக்கொள்கிறேன், முடிவை அல்ல. இழுக்க மாடு குதிரை இல்லாததுதான் சிக்கல் என்று நீங்களே காட்டிவிட்டீர்கள். அதைப் புரிந்துகொண்டு செயல்பட்டவர்களும் இருந்தார்கள். மென்னோனைட் என்ற புராட்டஸ்டன்ட் பிரிவுக் கிறிஸ்தவர்கள் 1922இல் தெற்கு உக்ரைனிலிருந்த தங்கள் இனத்தாரின் குடியிருப்புகளுக்குச் சமையற்கூடத்தோடு ஐம்பது ஃபோர்ட்சன் டிராக்டர்களையும் அனுப்பினார்கள். நான்சென் தம் 1922 நோபல் பரிசுப் பணத்தின் ஒரு பகுதியை மாதிரிப் பண்ணைகளுக்குக் கொடுத்தார். வயிறு நிறைத்ததோடு நிற்காமல் கொழுவை மண்ணில் இறக்கியவர்கள் இவர்கள்.

இன்னொன்று. அந்தப் பஞ்சத்தில் பெற்றோரே பிள்ளைகளைக் கொண்டுபோய் அனாதை இல்ல வாசலில் விட்டார்கள், அங்கேதான் சோறு கிடைக்கும் என்று. இல்லங்கள் வழிந்தன. ரயில் நிலையங்களில் லட்சக்கணக்கான பிள்ளைகள் திரிந்தார்கள். சோற்றைக் குடும்பத்துக்குக் கொடுத்திருந்தால் இவர்களில் எத்தனை பேர் வீட்டிலேயே இருந்திருப்பார்கள்?

கரிசல்காட்டுக்காரி:
இது வலுவான கேள்வி. ஆனால் அந்தப் பிள்ளைகளில் பலரைத் தெருவுக்குக் கொண்டுவந்தது போரும் டைபஸும் தின்ற பெற்றோரின் சாவு. சமையற்கூட விதி அல்ல. டிராக்டர் கதையிலும் வரிசையைக் கவனியுங்கள். மென்னோனைட் சமையற்கூடங்கள் 1922 மார்ச்சில் திறந்தன, டிராக்டர்கள் கோடையில் வந்தன. முதலில் கஞ்சித்தொட்டி, பிறகு கலப்பை. உங்கள் சாட்சிகளே என் வரிசையில்தான் நிற்கிறார்கள் அண்ணா.

வைகைக்கரையான்:
அவர்களின் கஞ்சித்தொட்டியில் பெரியவர்களுக்கும் இடம் இருந்தது, தங்கச்சி. அப்பனை வாசலில் நிறுத்தவில்லை. நான் கேட்டது அவ்வளவுதான்.

ரயில்வே ஓய்வூதியர்:
அவர்கள் ஊட்டியது சில பத்தாயிரம் பேருக்கு. வோல்காவில் ஒரு கோடி. பலாஷோவில் வண்டி நிற்கிறது. யாரை வாசலில் நிறுத்துவீர்கள் என்று இன்னும் நீங்கள் சொல்லவில்லை.