மறு: ஆர்.எஸ்.வி. – ‘சின்சிட்டியல்’ என்பதற்குத் தமிழ்

நண்பர்களுக்கு வணக்கம். ஆர்.எஸ்.வி. என்பது ‘ரெஸ்பிரேட்டரி சின்சிட்டியல் வைரஸ்’, மூச்சுப்பாதையைத் தாக்கும் கிருமி. அதன் பெயரில் உள்ள ‘சின்சிட்டியல்’ என்பதற்கு நண்பர்கள் முன்வைத்த தமிழ்ச் சொற்களுக்கு என் பதில் இது.

> ‘சுவாச ஒத்திசைவு வைரஸ்’ பரவிவிட்டது. அதையே வைத்துக்கொள்ளலாமே?

வேண்டாம் ஐயா. தாளம் பிசகாமல் சேர்ந்து போவதுதான் ஒத்திசைவு. ‘சின்’ என்றதும் யாரோ ‘சிங்க்’ (sync, ஒத்தியங்குதல்) என்று நினைத்துவிட்டார்கள் போல. கிரேக்கத்தில் ‘சின்’ என்றால் ‘சேர்ந்து’, ‘கைட்டோஸ்’ என்றால் கலம் (செல்). கலங்கள் கூடியது, அவ்வளவே.

ஆய்வகத் தட்டில் ஓடு பதித்ததுபோல் அடுக்காக இருக்கும் செல்கள், தொற்று ஏறியதும் இடைச்சுவர் கரைந்து ஒரே பையாகிவிடும். அதற்குள் உட்கருக்கள் கும்பலாக நெருக்கியடித்துக் கிடக்கும். அதுதான் சின்சிட்டியம். 1956இல் சளிபிடித்த சிம்பன்சிகளிடம் பிடிபட்டபோது இந்த வைரஸின் பெயர் ‘சிம்பன்சி மூக்குச்சளிக் காரணி’. குழந்தைகளிடமும் அதே கிருமி என்று தெரிந்த பிறகுதான் இந்தச் செல் கூத்தை வைத்துப் பெயர் மாறியது.

> ‘செல்லொட்டி’?

அழகான சொல். ஆனால் வைரஸின் மேற்பரப்பில் இரண்டு புரதங்கள் உண்டு: செல்லில் ஒட்டுவது ஜி புரதத்தின் வேலை. உறைகளை ஒன்றாக்குவது எஃப் புரதம். தடுப்பூசியும், கைக்குழந்தைகளுக்குப் போடும் நிர்செவிமாப் என்ற எதிர்ப்பொருள் ஊசியும் குறிவைப்பது எஃபைத்தான். பெயரில் அந்த வேலை தெரிய வேண்டாமா?

என் பரிந்துரை ‘திரள்’. மோர் கடையும்போது கொழுப்புத் துளிகளின் மேல்தோல் கிழிந்து, ஒன்றோடொன்று கலந்து வெண்ணெய் திரள்கிறது. இங்கே நடப்பதும் ஏறக்குறைய அதுவே. ஆகவே சின்சிட்டியம் – செல்திரள். வைரஸ் – சுவாசச் செல்திரள் வைரஸ். கலம் என்று எழுதுவோர் கலத்திரள் என்க.

‘விண்மீன் திரளில் விண்மீன்கள் தனித்தனியாகத்தானே இருக்கின்றன?’ என்று அம்மா கேட்டது நியாயம். ‘பல்கருத்திரள்’ (பல உட்கருக்கள் கொண்ட திரள்) என்றால் துல்லியம் கூடும்தான். ஆனால் மூச்சிரைத்து, விலா உள்வாங்கும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்த தாயிடம் ‘பல்கரு’ என்று சொல்லிப் பாருங்கள், என்ன நினைப்பார் என்று!

> எளிமையாக ‘மழலைச் சளி வைரஸ்’?

இரண்டு வயதுக்குள் ஏறக்குறைய எல்லாப் பிள்ளைகளுக்கும் வந்துவிடுகிறது, சரி. ஆனால் ஒருமுறை வந்ததோடு விடுவதில்லை. முதியோரையும் படுக்கையில் தள்ளுகிறது.

இந்த வைரஸ் கைக்குழந்தைகளுக்குத் தரும் பிராங்கியோலைட்டிஸுக்கு ‘மூச்சு நுண்குழல் அழற்சி’ இருக்கட்டும். அதில் எனக்குச் சண்டையில்லை.

செல்+திரள் ‘செற்றிரள்’ என்றல்லவா புணரும் என்று யாரேனும் கிளம்புமுன் சொல்லிவிடுகிறேன்: கற்றூணை இன்று கல்தூண் என்றுதானே எழுதுகிறோம்? இதையும் அப்படியே விடுவோம்.