நெடுந்தீவு மலர்: தொகுப்பாசிரியரை முதலில் அமர்த்துவோம்

அன்பின் உறவுகளுக்கு வணக்கம்.

யாழ்ப்பாணத்துக்கு அப்பால் இருக்கும் நம் தீவான நெடுந்தீவைப் பற்றி நம் சங்கம் கொண்டுவரும் மலருக்கு ஒரு சுயாதீன எழுத்தாளரைச் சம்பளத்துக்கு அமர்த்துவது என்று சங்கக் கூட்டத்தில் முடிவானது நல்ல செய்தி. ஆனால் நல்ல எழுத்தாளர் ஒருவர் கிடைத்தால் மிச்சத்தை அவரே பார்த்துக்கொள்வார் என்று பாரிஸ் அண்ணா எழுதியிருப்பதில் எனக்கு உடன்பாடில்லை. எழுதுபவரும் தொகுப்பவரும் இருவராக இருக்க வேண்டும். தொகுப்பாசிரியர்தான் முதலில் வர வேண்டும்.

நம் கையில் இருப்பதைப் பாருங்கள். பெருக்குமரம் (பாவோபாப்), காட்டுக் குதிரைகள், ஒல்லாந்தர் கோட்டை, முருகைக்கல் (பவளப்பாறைக் கல்) வேலி: இவற்றைப் பற்றி ஆளுக்கொரு கட்டுரை அனுப்பியிருக்கிறோம், ஏறக்குறைய ஒரே வாசகங்களுடன். ஊரைவிட்டு வன்னிக் குடியேற்றத் திட்டங்களுக்குப் போன குடும்பங்களைப் பற்றி ஒருவரும் எழுதவில்லை. எல்லாவற்றையும் வாசித்து, எது மிகை, எது குறை என்று சொல்ல ஓர் ஆள் வேண்டும். அதன் பிறகு எழுத்தாளர் பேட்டிக்குப் போகட்டும். ஒரு மணி நேரப் பேச்சை எழுத்தில் கொண்டுவர நான்கு மணி நேரமாவது பிடிக்கும். என்ன கேட்பது என்று தெரியாமல் பதிவு செய்துகொண்டே போனால் சங்கப் பணம் அதிலேயே கரைந்துவிடும்.

1985 மே 15 அன்று நெடுந்தீவிலிருந்து போன குமுதினிப் படகில் பயணிகள் வெட்டிக் கொல்லப்பட்ட படுகொலையைப் பற்றிய பகுதிதான் எனக்குப் பெரிய கவலை. உயிர் தப்பியவர்களுக்கும் உறவுகளை இழந்தவர்களுக்கும் வயதாகிவிட்டது. இப்போது கேட்காவிட்டால் பிறகு கேட்க முடியாது. ஆனால் ஒலிப்பதிவுக் கருவியை நீட்டி "என்ன நடந்தது, சொல்லுங்கள்" என்று தொடங்குபவர் இந்த வேலைக்கு வேண்டாம். எழுதியதைச் சொன்னவருக்கே வாசித்துக் காட்ட வேண்டும். "இந்த வரி வேண்டாம்" என்று அவர் சொன்னால் எடுத்துவிட வேண்டும். எத்தனை அழகான நடை கைவந்தவராக இருந்தாலும் இதற்கு இணங்காதவரை நான் ஏற்கமாட்டேன்.

ஆளைத் தேர்வதற்கு விருதுகளையும் பழைய நூல்களையும் பார்ப்பதைவிட, நம் குரற்பதிவிலிருந்து அப்படியே எழுதிய இரண்டு பக்கங்களை விண்ணப்பிக்கும் எல்லோருக்கும் கொடுப்போம். அந்த உழைப்புக்கும் கூலி கொடுத்துவிட வேண்டும். திருப்பி அனுப்பும்போது அவர்கள் என்ன கேட்கிறார்கள் என்று பார்ப்போம். "இங்கே துறை என்று ஆச்சி சொல்வது மாவிலித்துறையா, குறிகட்டுவானா?" என்று, நெடுந்தீவுத் துறையா எதிரே புங்குடுதீவில் உள்ள துறையா எனப் பிரித்துக் கேட்பவர் நமக்கு ஏற்றவர். ஒரு கேள்வியும் இல்லாமல் வழுவழுப்பாக எழுதி அனுப்புபவர், ஆச்சியின் பேச்சையும் அப்படியே வழித்துவிடுவார்.

உடன்படிக்கையை எழுத்தில் வைத்துக்கொள்வோம், ஆள் நம் உறவினராக இருந்தாலும். கனடாவில் சுயாதீனமாக எழுதுபவர் கையொப்பமிட்டு எழுதித் தராவிட்டால், நாம் பணம் கொடுத்திருந்தாலும் பதிப்புரிமை அவரிடமே இருக்கும். தமிழ்நாட்டிலிருந்து ஒருவரை அமர்த்தினால் இன்னும் கவனம் தேவை. 1957 ஆம் ஆண்டின் இந்தியப் பதிப்புரிமைச் சட்டப்படி, உரிமையை மாற்றித் தரும்போது காலத்தைக் குறிப்பிடாவிட்டால் அது 5 ஆண்டுகளுக்கே செல்லும். எந்த நாடுகளுக்கு என்று குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டுமே செல்லும். நம் மலர் ரொறன்ரோவிலும் லண்டனிலும் வாசிக்கப்பட வேண்டியது.

கூலியைச் சொற்கணக்கில் பேசுவோம். பக்கக் கணக்கு எழுத்தளவோடு மாறிவிடும். மூன்றில் ஒரு பங்கு தொடக்கத்தில், ஒரு பங்கு முதல் வரைவுக்கு, மிச்சம் அச்சுக்குத் தயாரானதும். எத்தனை முறை திருத்தித் தர வேண்டும் என்பதையும் எழுதிவிட வேண்டும். மெய்ப்புப் பார்ப்பது தனி வேலை, அதற்குத் தனி ஆள், தனிக் கூலி.

பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் கட்டுரை வைத்திருப்பவர்கள் யூனிகோடுக்கு மாற்றி, ஆங்கில எழுத்தில் உள்ள பெயர்கள் சிதைந்திருக்கின்றனவா என்று ஒருமுறை பார்த்து அனுப்புங்கள். குமுதினி பற்றிப் பேச விரும்பும் பெரியவர்கள் உங்கள் வீட்டில் இருந்தால், முதலில் அவர்களுடைய சம்மதத்தைக் கேட்டு எனக்குத் தனிமடல் போடுங்கள். தொகுப்பாசிரியரை முதலில் அமர்த்துவது பற்றி அடுத்த கூட்டத்துக்கு முன் எல்லோரும் கருத்துச் சொல்ல வேண்டும், பாரிஸ் அண்ணா உட்பட.

அன்புடன்,
மலர்க் குழுவிலிருந்து உங்கள் தங்கை
ஸ்காபரோ