மாத நாவல் போட்டவர்களைப் பற்றிக் கொஞ்சம்

மாதம் ஒரு முழு நாவல் என்று இதழாக வந்த மாத நாவல்களை எழுதிய ராஜேஷ்குமார், பட்டுக்கோட்டை பிரபாகர், சுபா என்று எழுத்தாளர்களைப் பற்றி இங்கே எல்லோரும் அழகாக எழுதிவிட்டீர்கள். அந்தக் கதைகளை மாதம் தவறாமல் அச்சடித்துப் பெட்டிக்கடை வரைக்கும் கொண்டுவந்து சேர்த்தவர்களைப் பற்றியும் இரண்டு வார்த்தை சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

எங்கள் வீட்டுக்குள் முதலில் வந்தது ராணி முத்து. தினத்தந்தி குழுமம் 1969-ல் ஆரம்பித்தது, முதல் வெளியீடு அகிலனின் பொன்மலர், விலை ஒரு ரூபாய். கெட்டி அட்டை நாவல்களை நூலகத்தில் மட்டுமே பார்த்திருந்த என் அத்தைக்கு, ஒரு முழு நாவல் சொந்தமாகக் கையில் இருப்பது பெரிய விஷயம். டிரங்குப் பெட்டியில் சேலைகளுக்கு அடியில் அடுக்கி வைத்திருப்பார். கேட்டால் தருவார், ஆனால் மடித்துப் படிக்கக் கூடாது.

என் காலத்துக்கு வந்தால் பதிப்பாளர் ஜி.அசோகன்தான். பாக்கெட் நாவல் இதழ் அவருடையது. க்ரைம் நாவல் என்றால் ராஜேஷ்குமார், பல்சுவை நாவல் என்றால் பாலகுமாரன் என்று இதழையும் எழுத்தாளரையும் சேர்த்தே மனசில் பதிய வைத்தார். பேருந்து நிலையக் கடையில் யாரும் பதிப்பகத்தின் பெயரைச் சொல்லிக் கேட்டதில்லை. "இந்த மாசம் க்ரைம் வந்துடுச்சாண்ணே?" அவ்வளவுதான். வார இதழ்த் தொடர்கதை என்றால் மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். மாத நாவலோ ஊர் போய்ச் சேர்வதற்குள் முடிந்துவிடும்.

பள்ளி விடுமுறையில் ஒரு வாடகை நூல் நிலையத்தில் எடுபிடியாக இருந்தேன். புது இதழ் வந்ததும் கடைக்கார அண்ணன் செய்கிற முதல் வேலை, தாள்களைச் சேர்த்திருக்கும் கம்பிப் பின்னைப் பிடுங்கி எறிவது. முதுகோரம் மூன்று ஓட்டை போட்டு, சாக்கு ஊசியில் நூல் கோத்து இறுக்கித் தைப்பார். அப்புறம் பழுப்புத் தாளில் அட்டை. "பின்னு துருப்பிடிச்சா தாளைத் தின்னுடும்டா" என்பார். அங்கே உட்கார்ந்துதான் இந்த இதழ்களின் கட்டமைப்பைக் கவனித்தேன். சில இதழ்களில் கடைசிப் பக்கங்களில் எழுத்து திடீரென்று பொடியாகிவிடும். ஒரே தாளில் அச்சாகி மடிக்கப்படும் பதினாறு பக்கம் ஒரு ஃபாரம் என்றால், எடுத்துக்கொண்ட ஃபாரங்களுக்குள் கதை அடங்கியாக வேண்டுமே! பின்னட்டையில் அடுத்த மாத நாவலின் தலைப்பு இருக்கும். கதை என்னவென்று தெரியாமலே, அதை மட்டும் பார்த்து வாசகர்கள் எங்களிடம் பெயர் சொல்லி வைத்துவிட்டுப் போவார்கள்.

2008-ல் சென்னை பிளாஃப்ட் பதிப்பகம், ப்ரீதம் சக்கரவர்த்தியின் மொழிபெயர்ப்பில் இந்த வகைக் கதைகளை ஆங்கிலத்தில் தொகுத்துக் கொண்டுவந்தது. சாணித்தாள் நாவல் என்று ஒதுக்கியவர்கள்கூட அதை வாங்கி அலமாரியில் வைத்தார்கள். எனக்கு உண்மையிலேயே சந்தோஷம். கூடவே ஒரு ஆற்றாமை. மூல இதழ்களை நாம் அப்படி வைத்துக்கொள்ளவில்லையே! எத்தனை இதழ்கள் பழைய பேப்பர் கடையில் எடைக்குப் போயிருக்கும்.

கதைகள் மறுபதிப்பில் கிடைத்துவிடும். ஆசிரியர் பக்கம், வாசகர் கடிதம், விளம்பரம், அடுத்த மாத அறிவிப்பு இதெல்லாம் மறுபதிப்பில் வராது. இந்தப் பதிப்பாளர்கள் எப்படித் தொழில் நடத்தினார்கள் என்பது அந்தப் பக்கங்களில்தான் இருக்கிறது. வீட்டில் பழைய இதழ் வைத்திருப்பவர்கள் அட்டையோடு அவற்றையும் படம் எடுத்துப் போடுங்கள். மாதமும் விலையும் தெரிகிற மாதிரி எடுத்தால் இன்னும் நல்லது.